தலையசைவும் இசைவும்



உடலசைவையும் முகக்குறிப்பையும் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். பொருள் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் பரத முனிவரின் நாட்டிய சாத்திரமும் உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் முறையை எட்டு எட்டாக வகுத்து ஆராய்ந்தவை. ஆயினும் அரங்கத்தை விட்டுவிட்டு, அரசு அலுவலக மேசையின் இருபுறமும் இருக்கும் இருவரைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் உணர்ச்சி வெளிப்படும் முறை குறித்து சார்லஸ் டார்வின் 1872-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக உலகின் பல பகுதிகளில் இருந்தவர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பி விடை பெற்றார். இந்தியாவில் வாழ்ந்த எர்ஸ்கின் என்பவர், இந்நாட்டு மக்களைப் பற்றி உறுதியான முடிவுக்கு வருவது கடினமாக உள்ளது எனத் தெரிவித்தார். ஐரோப்பியர் முன்னிலையில் அவர்கள் உணர்ச்சிகளை மறைத்துக்கொள்வதே வழக்கம் என்பது அவர் கூறிய காரணம். டார்வின் இதனை முன்னுரையில் சுருக்கமாகக் குறிப்பிட்டு மேலே செல்கிறார். ஆனால் நிர்வாகத்தில் இருப்போர் அங்கே சற்று நிற்க வேண்டும். திண்ணையில் அமர்ந்திருக்கும்போது உள்ள முகம் வேறு, அதிகாரத்தின் முன் நிற்கும் முகம் வேறு. ஆட்சி மாறிய பின்னரும் இந்த வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடவில்லை.

குடும்ப ஓய்வூதியம் பெறும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். உயிர்வாழ் சான்றிதழை நவம்பரில் அளிக்க வேண்டும் என்று அலுவலர் விரைவாக விளக்குகிறார். அவர் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் தலையசைக்கிறார். அந்த அசைவுக்குப் பொருள் ‘புரிந்தது’ என்பதன்று. ‘தாங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதே. சில நேரங்களில் ‘பின்னால் பலர் நிற்கிறார்கள், போய்விடுகிறேன்’ என்பதும் ஆகும். சான்றிதழ் வாராத நிலையில் ஓய்வூதியம் நின்றுவிடுகிறது. ‘நன்றாக எடுத்துச் சொன்னேனே, தலையாட்டினாரே’ என்கிறார் அலுவலர். அவர் கூறுவது பொய்யன்று.

தென்மாநிலங்களில் தலையை இருபுறமும் மெல்லச் சாய்ப்பது பெரும்பாலும் உடன்பாட்டைக் குறிக்கும். வடக்கிலிருந்து புதிதாகப் பணிக்கு வருபவர் அதனை மறுப்பு என மயங்கக்கூடும். இந்த மயக்கம் ஒரு மாதத்தில் தெளிந்துவிடும். யாரேனும் சிரித்துத் திருத்துவர். மூதாட்டியின் தலையசைவைத் தவறாகக் கொண்டதை எவரும் திருத்துவதில்லை.

கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன் என்று பயிற்சி வகுப்புகளில் கூறக் கேட்டிருப்பீர்கள். நம் சிற்றூர்களில் பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை. பொய்யைக் கண்டறியும் திறன் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்த பாண்டும் டிபாலோவும் 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, மக்கள் சரியாகக் கணிப்பது சராசரியாக 54 விழுக்காடே. நாணயத்தைச் சுண்டினாலும் 50 கிடைக்கும்! செய்தியில் சொல்லின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே என்னும் பரவலான கூற்றும் அத்தகையதே. மெஹ்ரேபியன் 1967-இல் வெளியிட்ட சோதனைகள் விருப்பு வெறுப்பு உணர்ச்சிகளைப் பற்றியவை. சட்ட விதியையோ மருந்தின் அளவையோ விளக்குவதற்கு அவை பொருந்தா.

முகக்குறிப்பைக் கட்டாயம் கற்க வேண்டிய இடமும் ஒன்றுண்டு. இந்திய சைகை மொழியில் முகம் இலக்கணத்தின் பகுதி. ‘ஆம்’, ‘இல்லை’ என விடை வேண்டும் வினாவைப் புருவத்தின் உயர்வே காட்டும். கையை மட்டும் கவனிப்பவர் வினாவைச் செய்தியாகக் கொள்வர். 2015-இல் நிறுவப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதிப் பதிப்பை வெளியிட்டது. அலுவலர்கள் சில அடிப்படைச் சைகைகளையேனும் அறிந்திருக்கலாம்.

மற்றவர்களிடத்துச் செய்யத்தக்கது எளிது. ‘புரிந்ததா?’ என வினவாதீர்கள். அதற்குத் தலையசைவே விடையாக வரும். மனுதாரரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். பின்னர், ‘வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள், அம்மா?’ என்று கேட்டு, அவர் தம் சொற்களில் கூறி முடிக்கும்வரை எழுதுகோலைக் கீழே வைத்திருங்கள்.