எண்ணெயும் நீரும்



எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று ஒட்டா என்பது நம் வீட்டுப் பாட்டிமாரும் அறிந்த செய்தி. ஆயினும், காலையில் நாம் அருந்தும் பாலில் கொழுப்பும் நீரும் ஒன்றாகத்தானே இருக்கின்றன? ஒரு திரவம், தன்னோடு கலவாத மற்றொரு திரவத்தினுள் நுண்ணிய திவலைகளாகப் பரவி நிற்கும் இந்நிலைக்குப் பால்மம் என்று பெயர். ஆங்கிலத்தில் ‘எமல்ஷன்’ என்பர். அச்சொல்லும் ‘பால் கறத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே.

இதைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் பாடமாக நடத்தியவன் நான். எனினும், பால்மம் என்றால் என்னவென்று நான் மெய்யாகக் கற்றுக்கொண்டது ஒரு கத்தரிப் பாத்தியிலேதான். 1991ஆம் ஆண்டு, ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். பள்ளித் தோட்டத்துக் கத்தரிச் செடிகளில் அசுவினிப் பூச்சி கண்டது. பத்து லிட்டர் கிணற்று நீரில் 300 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து தெளிக்குமாறு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் சொன்னேன். அவனும் செய்தான். மூன்று நாள் கழித்துச் சென்று பார்த்தால், முதல் வரிசைகளில் பூச்சி அப்படியே இருந்தது. கடைசி மூலைச் செடிகளிலோ இலைகள் கருகிக் கிடந்தன. தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவது. எண்ணெய் மேலே மிதப்பது. எனவே முதலில் வெறும் நீரும் இறுதியில் வெறும் எண்ணெயும் வெளிப்பட்டன என்பதை உடனே ஊகித்தேன். சரியாகக் கலக்காமல் சோம்பியிருக்கிறாய் என்று அம்மாணவனை வகுப்பின் நடுவே கடிந்துகொண்டேன். “நன்றாகத்தான் கலக்கினேன், ஐயா” என்று ஒரே ஒரு முறை சொன்னான். பின்னர் வாய் திறக்கவில்லை.

அவன் சொன்னது மெய்யாக இருக்கக்கூடுமா என்று அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருக்க வேண்டும். ஏனெனில், கலக்குவது என்பது பாதி வேலைதான். ஒரு மில்லிலிட்டர் எண்ணெயை உருண்டையாகப் பிடித்தால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரான் விட்டமுள்ள திவலைகளாக உடைத்தால், திவலைகள் கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் கோடி ஆகும். மேற்பரப்போ ஆறு சதுர மீட்டராக விரியும். ஓர் அறையில் விரிக்கும் பாயைவிடப் பெரிது! எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே இவ்வளவு பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. கையை நிறுத்தியவுடன் திவலைகள் ஒன்றோடொன்று கூடி அப்பரப்பைக் குறைத்துக்கொள்ளவே முயலும். ஆதலின், எவ்வளவு வலிமையாகக் கலக்கினாலும், காவலுக்கு ஒருவர் இல்லையேல் கலவை பிரிந்தே தீரும்.

அந்தக் காவலைத்தான் சோப்பு செய்கிறது. அதன் மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். நீண்ட வால் எண்ணெயை நாடும். வால்கள் திவலைக்குள் புதைய, தலைகள் வெளியே நீரை நோக்கி நிற்கும். தலைகள் யாவும் எதிர்மின்னூட்டம் உடையவை. எனவே ஒரு திவலை மற்றொன்றை விலக்கும். முட்டை மஞ்சட்கருவிலுள்ள லெசித்தின், பாலிலுள்ள கேசின் முதலியனவும் இத்தகைய காவலர்களே.

காவல் இருந்தாலும் பெரிய திவலைகள் மெல்ல மேலே எழும். கறந்த பாலில் ஏடு கட்டுவது இதனால்தான். திவலை எழும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்பது ஸ்டோக்ஸ் 1851இல் வெளியிட்ட விதியிலிருந்து பெறப்படுவது. ஆரம் மூன்றில் ஒரு பங்கானால் வேகம் ஒன்பதில் ஒரு பங்கு ஆகும். இந்த உண்மையைத் தொழிலாக்கியவர் பிரெஞ்சு நாட்டுக் கோலான். மிகுந்த அழுத்தத்தில் பாலைக் குறுகிய துளைகளின் வழியே செலுத்தும் இயந்திரத்திற்கு 1899இல் காப்புரிமை பெற்றார். சராசரி மூன்று, நான்கு மைக்ரான் இருந்த கொழுப்புத் திவலைகள் அதில் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகச் சிதறுகின்றன. புதிய பரப்பைக் கேசின் உடனே போர்த்திக்கொள்கிறது. இன்று பால் பண்ணைகளில் இயங்கும் இயந்திரங்களும் இதே தத்துவத்தில் அமைந்தவையே.

கத்தரிப் பாத்திக்குத் திரும்புவோம். ஒரு வாரம் கழித்து, வேறொரு பாடத்திற்காக ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் சோப்பையும் வேப்பெண்ணெயையும் கலக்கினேன். மறுநாளும் அது பாலாகவே நின்றது. ஐயம் தோன்றிக் கிணற்று நீரில் அதையே செய்தேன். வெண்மையான திரிதிரியான கசடு படிந்தது. சற்று நேரத்தில் எண்ணெய் மேலே தனியே நின்றது. எங்கள் கிணற்று நீர் கடினநீர். அதிலுள்ள கால்சியம், சோடியம் சோப்பை நீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாற்றிவிட்டது. காவலரையே கொன்றுவிட்ட பிறகு மாணவன் கலக்கி என்ன பயன்?

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. பால்மத்தை நிலைநிறுத்தும் பொருள் எத்திரவத்தில் மிகுதியாகக் கரைகிறதோ, அதுவே வெளித் திரவமாக அமையும் என்று பான்கிராஃப்ட் 1913இல் கூறினார். சோடியம் சோப்பு நீரை வெளியே வைக்கும். கால்சியம் சோப்போ எண்ணெயை வெளியே வைக்க முயலும். ஆகவே கடினநீர் காவலை நீக்கியதோடு நில்லாமல், எதிர்க் கட்சியிலும் சேர்ந்துகொண்டது! உள்ளும் புறமும் இவ்வாறு மாறுவதை நம் வீட்டு மத்தும் செய்து காட்டும். பாலேட்டில் கொழுப்பு உள்ளே, நீர் வெளியே. கடைந்து எடுத்த வெண்ணெயிலோ கொழுப்பு வெளியே. சிறு நீர்த்துளிகள் உள்ளே. ஒரு சொட்டுப் பாலை நீரில் விட்டால் பரவுகிறது, வெண்ணெய் பரவுவதில்லை என்பதைக் கொண்டே இதை அறியலாம்.

அடுத்த முறை மழைநீரைப் பிடித்து வைத்தோம். முதலில் சோப்பைச் சிறிதளவு நீரில் கரைத்து, எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டுக் கலக்கி, குழம்பு போலானபின் மீதி நீரைச் சேர்த்தோம். எண்ணெயை மொத்தமாகக் கொட்டினால் இது அமையாது. அந்தக் கலவையைத் தெளிப்பானில் ஊற்றியவனும் அதே மாணவன்தான். அதற்கு முன், இரண்டு குடுவைகளையும் வகுப்பிற்கு எடுத்துச் சென்று, தவறு என்னுடையது என்று அவனைக் கடிந்துகொண்ட அதே இடத்தில் நின்று சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. குடுவைகளை வாங்கிச் சன்னலோரத்தில் வைத்தான். ஆண்டிறுதி வரை அவற்றை எவரையும் தொடவிடவில்லை.