பார்வையும் காற்றும்

'பார்வை' என்னும் சொல்லுக்குக் கண்ணோக்கு என்பதே இன்று வழங்கும் பொருள். சங்கப் புலவர்க்கு அதில் வேறொரு பொருளும் இருந்தது. காட்டுயிரை வரவழைக்க வேட்டுவன் பழக்கி வைத்திருக்கும் அதே இனத்து உயிரும் 'பார்வை' எனப்பட்டது. புறநானூற்றின் 320ஆம் பாடலில் பார்வைப் பிணைமானைக் காட்டுக் கலைமான் கூடி நிற்கிறது. உறங்கும் கணவன் விழித்துவிடுவானோ, கலை பிரிந்து ஓடுமோ என அஞ்சி, வேட்டுவன் மனைவி அசையாதிருக்கிறாள்.

மதுரையைச் சூழ்ந்த புன்செய்க் காடுகளில் இவ்வழக்கம் கௌதாரி வேட்டையாக நீடித்தது. பழக்கிய சேவலைக் கூண்டிலிட்டுப் புதரோரம் வைத்துச் சுற்றிலும் கண்ணி பதிப்பர். அது கூவும். தன் எல்லைக்குள் வேற்றுச் சேவல் புகுந்ததெனச் சினந்து காட்டுச் சேவல் விரைந்து வரும். கண்ணியில் கால் சிக்கும்.

இவ்வேட்டை கைகூடுவது கூண்டுச் சேவலின் திறத்தால் மட்டுமன்று. காற்றின் நிலையாலும் ஆகும். தெளிந்த வானமுள்ள இரவில் நிலம் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ள காற்று வெம்மையாகவும் இருக்க, மேலெழும் ஒலி வளைந்து மீண்டும் தரைநோக்கி வருகிறது. குரல் நெடுந்தொலைவு செல்கிறது. வெயில் ஏறி நாகமலைப் பாறைகளும் கரிசல் தரையும் சுட்டபின் இந்நிலை தலைகீழாகிறது. ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விட, சற்றுத் தொலைவிலிருக்கும் பறவைக்கு அழைப்பு எட்டாமல் போகலாம். ஆடியில் மேல்காற்று வீசும்போதோ, கூண்டுக்குக் கிழக்கே உள்ள சேவலுக்குக் கேட்கும் குரல் மேற்கே உள்ளதற்குக் கேட்பதரிது. ஐப்பசி மழை இலைகளில் விழும் ஓசையும் குரலை மறைக்கும்.

மானிடத்துச் செய்தி வேறு. கௌதாரியை அழைப்பவன் ஒலியை எண்ணினால் போதும். மானை அழைப்பவன் தன் உடல் வாடையையும் எண்ண வேண்டும். காற்று தன்னிடமிருந்து மானை நோக்கி வீசுமாயின் எத்துணைத் தேர்ந்த பார்வையும் பயன்படாது.

நற்றிணை 212ஆம் பாடலில் வேட்டுவனின் வலையைக் கண்டு வெருவிய கணந்துள், வழிச்செல்லும் கூத்தரின் யாழொலியோடு இயையத் தெளிவாகக் குரலெழுப்புகிறது. அஃது எப்பறவை என்பதில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. பறவையைத் தேடுவதோடு அக்குரல் சென்ற வெளியையும் எண்ண வேண்டும். பெருங்காற்று வீசும் வெளியில் குரலும் நரம்பும் அவ்வாறு இயைந்து கேட்குமா?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் இவ்வேட்டைக்கு இடமளிக்கவில்லை. ஆயினும் பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் ஒலித்துக் களவாகப் பிடிப்போர் உளர். கூண்டுச் சேவல் களைத்து ஓயும், கருவி ஓய்வதில்லை.

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் பறவைகளைக் கணக்கெடுப்போர்க்கும் பழைய வேட்டுவனின் நாழிகையே உரியது. காற்றில்லா விடியலில் நின்று, குரல் கேட்கும் திசையைக் குறிக்கின்றனர். காற்று எழுந்ததும் ஏட்டை மூடிவிடுகின்றனர்.