யார் போய் அழைத்து வருவது?

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் நமது மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)

தூரமான சபைகளிலிருந்தும் பேருந்து மாறி மாறி வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றி. வழக்கமாக இந்தக் கூடுகையில் வார்டுகளைப் பற்றியும் நோயாளிகளைப் பற்றியும் பேசுவேன். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறபடியால் இன்று புயலைப் பற்றிப் பேசும்படி மருத்துவ அதிகாரி கேட்டுக்கொண்டார். நானும் மனதாரச் சம்மதித்தேன். அதற்குக் காரணம் உண்டு.

2018 நவம்பர் 11 ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிவில் நான் ஓர் அறிவிப்பு வாசித்தேன். வங்கக்கடலில் புயல் உருவாகியிருக்கிறது, கடலுக்குப் போக வேண்டாம், ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கோ ஆலயத்துக்கோ வந்துவிட வேண்டும் என்று நிதானமாக இரண்டு முறை வாசித்தேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். கஜா புயல் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்தபின் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒரு பாட்டியம்மா இருந்தார்கள். மண்சுவர் சாய்ந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தனியாய் வாழ்ந்தவர்கள். சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள்.

படுக்கை அருகே போய், "ஏம்மா, அறிவிப்பு வாசித்தேனே, வரக்கூடாதா?" என்று கேட்டேன். "கேட்டேன் ஐயா. யாராச்சும் வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்கன்னு சாயங்காலத்திலிருந்து பையைக் கட்டி வச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார்கள்.

நான்கு வீடு தள்ளியிருந்த குடும்பத்தார், அடுத்த தெருக்காரர்கள் அழைத்துப்போயிருப்பார்கள் என்று எண்ணினார்கள். அடுத்த தெருக்காரர்கள் இவர்களை எண்ணினார்கள். நான் எல்லாரையும் எண்ணினேன். அந்த அம்மாவுக்கு அதற்குப் பிறகு எழுந்து நடக்க முடியவில்லை. ஆகவே இந்தப் பேச்சு முதலாவது எனக்கே நான் சொல்லிக்கொள்வது.

பிரியமானவர்களே, அரசாங்கம் அன்று சும்மா இருக்கவில்லை. புயலுக்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070 என்று கட்டணமில்லாத எண்கள் இருக்கின்றன. வானிலைத் துறை குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் ஒரு எச்சரிக்கையும், 24 மணி நேரத்துக்கு முன் இன்னொரு எச்சரிக்கையும் கொடுக்கிறது. டெல்லியிலிருந்து நம் ஊர் வரை அந்தச் செய்தி வந்துசேர்ந்துவிடுகிறது. ஊருக்குள் வந்தபின், கடைசி ஐம்பது அடி தூரத்தில்தான் அது நின்றுபோகிறது. அந்த ஐம்பது அடியை நடக்க வேண்டியவர்கள் நாம்.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29 அன்று பாராதீப் அருகே வந்த பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். காற்றைவிட, கடல் எழும்பி ஊருக்குள் வந்ததே பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. 2013 அக்டோபர் 12 அன்று அதே மாநிலத்தில் கோபால்பூர் அருகே பைலின் புயல் வந்தது. முந்தியதைவிடச் சற்றுக் குறைவு என்றாலும் அதன் காற்றும் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. ஏறக்குறைய 10 லட்சம் பேர் முன்னதாகவே இடம் மாறியிருந்தார்கள். இடையில் இருந்த 14 ஆண்டுகளில் என்ன செய்தார்கள்? கரையோரமெங்கும் புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கட்டினார்கள். கட்டியதோடு விடாமல், அவற்றை ஊர்க்குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். எச்சரிக்கை சொல்கிறவர்கள், தேடி மீட்கிறவர்கள், முதலுதவி செய்கிறவர்கள் என்று ஊர்க்காரர்களையே பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆண்டுதோறும் ஒத்திகை பார்த்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் இருந்தார்.

இனி, நம் வீடுகளில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண் முக்கியமாகக் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரியது. எண் சிறிதாய் இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உங்கள் ஊருக்கு வரும் உத்தரவைக் கேளுங்கள். வானிலை அறிவிப்பில் மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள்.

ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா, மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கான மாத்திரையைக் கையில் வைத்திருங்கள். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டி இயங்காவிட்டால், இன்சுலினைத் தண்ணீர் படாதபடி மூடி, ஈர மணல் சூழ்ந்த மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். பிரசவ நாள் நெருங்கியவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் சாலை திறந்திருக்கும்போதே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். மரம் விழுந்தபின் 108 வண்டியும் வர முடியாது.

மின்சாரம் இல்லாவிட்டால் மேல்நிலைத் தொட்டியிலும் தண்ணீர் ஏறாது. ஆகவே குடங்களையும் டிரம்களையும் முன்னதாகவே நிரப்பி மூடி வையுங்கள். ஆடுமாடுகளைக் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிடுங்கள்.

காற்று திடீரென்று அடங்கினால் வெளியே ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட சுவர் இரண்டாம் காற்றில் விழும்.

புயல் போனபின்னும் ஜாக்கிரதை தேவை. அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்கள், தாண்டாதீர்கள். ஈரக் கூரையில் ஏறி ஓடு மாற்ற அவசரப்படாதீர்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். அதன் நச்சுப் புகையில் மணமில்லாத வாயு உண்டு, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். செருப்பில்லாமல் நடக்காதீர்கள். கொதிக்கவைத்த தண்ணீரையே குடியுங்கள். வெள்ளத்தில் நடந்தவருக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் வெள்ளத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார் ஐயா" என்று வீட்டைவிட்டு வர மறுக்கிறவர்களையும் நான் அறிவேன். அவர்கள் விசுவாசத்தைக் குறைவாய்ப் பேச எனக்குத் துணிவில்லை. ஆனாலும் பஞ்சம் வருமுன்னே எகிப்தின் களஞ்சியங்களை நிரப்பிய யோசேப்பை நாம் அவிசுவாசி என்று சொல்வதில்லையே. ஜெபம் செய்துவிட்டு அவர்கள் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

கடைசியாக ஒன்று. கஜாவுக்குப் பிறகு எங்கள் சபையில் ஒரு பட்டியல் எழுதினோம். முதல் பத்தியில், தானாக நடந்து வர முடியாதவர் பெயர். இரண்டாவதில், அவரை அழைத்து வருகிறவர் பெயர். மூன்றாவதில், அந்த ஆள் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பது. நான்காவதில், எந்த இடம். அடியில், ஆலயச் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று எழுதினோம். சபை அங்கத்தினர் மட்டுமல்ல, தெருவில் உள்ள எல்லாருடைய பெயரும் அதில் உண்டு. புயல் சபைப் பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை.

2024 நவம்பர் கடைசி வாரம் ஃபெஞ்சல் புயலின்போது அந்தப் பட்டியலை எடுத்தோம். இரவு எட்டு மணிக்குள் பட்டியலில் இருந்த எல்லாரும் ஆலயத்துக்குள் வந்துவிட்டார்கள். எங்களுக்கு மழை பெய்தது, ஆனால் புயல் வடக்கே போய் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. "வீணாய் அலைக்கழித்துவிட்டீர்கள்" என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். அவர் கோபித்துக்கொள்ள உயிரோடு இருந்தார். எனக்கு அது போதும்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கைகள் எங்கள் வார்டுகளைத் தாங்குகின்றன. அதற்காக நாங்கள் என்றும் நன்றியுள்ளவர்கள். இன்று ஊருக்குத் திரும்பியதும் இன்னொன்றும் செய்யுங்கள். ஐப்பசி பிறக்குமுன் உங்கள் தெருவுக்கு அந்த நான்கு பத்திகளை எழுதிவிடுங்கள். அறிவிப்பு வாசிக்கிறவர்கள் வாசித்தபின் தாளை மடித்துவிடாமல், "இவரை யார் போய் அழைத்து வருவது?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் எழுந்து "நான் போகிறேன்" என்று சொல்லும்வரை ஆசீர்வாதம் கூறிச் சபையைக் கலைக்காதீர்கள்.

ஏனென்றால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பாட்டியம்மா பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.