எத்தீம் பிள்ளைகளின் கோடை முகாம்: போகிறவர்கள் அறிய வேண்டியவை

(நம் அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

துருக்கியின் தென்கோடியில், சிரியா எல்லையை ஒட்டி ரெய்ஹான்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே எத்தீம் பிள்ளைகளுக்காக நடந்த பத்து நாள் கோடை முகாமில் நம் மஹல்லாவைச் சேர்ந்த சிலர் தொண்டர்களாக இருந்து வந்தோம். ஊரிலிருந்து போனவர்களோடு, வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் தங்கள் வருடாந்திர விடுப்பில் வந்து சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் திரும்பியதிலிருந்து பள்ளிவாசல் வாசலிலும், கல்யாண வீடுகளிலும் ஒரே பேச்சுதான்: "அடுத்த வருஷம் எங்க பையனையும் சேர்த்துக்கோங்க." இந்த ஆர்வத்துக்கு அல்லாஹ் கூலி தருவானாக. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறோம்.

முதலில், அந்தப் பிள்ளைகள் யார் என்று சொல்லிவிடுகிறோம்.

2011-ல் சிரியாவில் தொடங்கிய போர் லட்சக்கணக்கான குடும்பங்களை எல்லை கடக்க வைத்தது. ஒரு கட்டத்தில் துருக்கியில் மட்டும் 36 லட்சத்துக்கும் அதிகமான சிரியர்கள் தஞ்சமடைந்திருந்தார்கள். ரெய்ஹான்லி இருக்கும் ஹதாய் மாகாணம் இவர்களில் பெரும் எண்ணிக்கையினருக்கு இடம் கொடுத்த மாகாணம். அதன் மேல் 2023 பிப்ரவரி 6 அன்று விடியற்காலையில் 7.8 அளவிலான நிலநடுக்கம் வந்தது. துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக அதிகமாக அடிபட்ட மாகாணங்களில் ஹதாயும் ஒன்று. போரில் அத்தாவை இழந்த பிள்ளை, நிலநடுக்கத்தில் வீட்டையும் இழந்திருக்கிறது. 2024 டிசம்பரில் சிரியாவில் ஆட்சி மாறிய பிறகு பல குடும்பங்கள் ஊர் திரும்பத் தொடங்கின. திரும்பிப் போக வீடு இல்லாதவர்கள், பிள்ளைகளின் படிப்பை நினைத்துத் தயங்குகிறவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

அடுத்து, ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். தமிழில் நாம் "அநாதைப் பிள்ளைகள்" என்று சொல்லிவிடுகிறோம். அநாதை என்றால் நாதியில்லாதவர், யாருமே இல்லாதவர். மார்க்கம் சொல்லும் எத்தீம் வேறு. பருவமடையும் முன் தகப்பனை இழந்த பிள்ளைதான் எத்தீம். தாய் இருக்கலாம், பாட்டி இருக்கலாம், மாமன் இருக்கலாம். துருக்கி மொழியிலும் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு 'யெதிம்', தாய் இல்லாத பிள்ளைக்கு 'ஓக்சூஸ்' என்று தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள்.

முகாமுக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் இருக்கிறார். வாடகை அறையில் நான்கைந்து பிள்ளைகளோடு, கிடைக்கும் கூலி வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் தாய். இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், "யாருமில்லாத பிள்ளை" என்று நினைத்துப் போகிறவர் அந்தப் பிள்ளைக்குத் தானே எல்லாமாக இருக்கப் பார்ப்பார். "தாய் இருக்கிறார், கை ஓய்ந்திருக்கிறார்" என்று தெரிந்து போகிறவர் அந்தத் தாயின் கையைப் பலப்படுத்தப் பார்ப்பார். முகாமின் நோக்கத்தில் பாதி இதுதான். பிள்ளைக்குப் பத்து நாள் விளையாட்டு. தாய்க்குப் பத்து நாள் மூச்சு விட நேரம்.

அங்கே எங்களுக்கு என்ன வேலை என்று பலர் கேட்கிறீர்கள். பாடம் நடத்தினோம், பயான் செய்தோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபஜ்ருக்குப் பிறகு ரொட்டி, ஜைத்தூன், பாலாடைக்கட்டி, தேநீர் என்று காலை உணவை எடுத்து வைப்பது, தட்டு கழுவுவது, பந்துக்குக் காற்றடிப்பது, குளியலறை வரிசையைப் பார்த்துக்கொள்வது, சின்னப் பிள்ளைகளின் செருப்பு ஜோடியைத் தேடிக் கொடுப்பது. அமீக் சமவெளியின் வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததில்லை. மதியம் எல்லாரையும் நிழலில் உட்கார வைத்துப் படம் வரையவும் கைவேலை செய்யவும் விடுவார்கள். பிள்ளைகளை வழிநடத்துவது, அவர்களோடு பேசுவது, இரவில் பயந்து எழும் பிள்ளையைத் தேற்றுவது எல்லாம் அங்கேயே இருக்கும் சிரிய, துருக்கிய ஆசிரியர்களின் பொறுப்பு. பெண் பிள்ளைகள் பகுதியை முழுக்கப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள்.

மொழி விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாம் மதரஸாவில் பல வருடம் நஹ்வு, ஸர்ஃப் ஓதியவர்கள். "மா இஸ்முக?" என்று இலக்கணமாகக் கேட்டால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது "ஷூ இஸ்மக்?" என்ற சிரிய அரபி, பள்ளிக்கூடத்தில் படிப்பது துருக்கி மொழி. நம் ஆங்கிலமும் அங்கே அதிகம் உதவாது. ஆகவே, வெளிநாட்டிலிருந்து போகிற தொண்டர் பேச்சால் செய்யக்கூடியது கொஞ்சம். கையால் செய்யக்கூடியது நிறைய. இதற்குச் சம்மதமானவர் மட்டும் பெயர் கொடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

இரண்டு மூன்று நாளில் பிள்ளைகள் நம்மிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். "அம்மோ, அம்மோ" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அம்மோ என்றால் அங்கே சாச்சா. அதில் நம் மனம் நிறைந்துபோகிறது. பத்தாம் நாள் நாம் விமானம் ஏறிவிடுகிறோம். நமக்கு அது ஓர் இனிய நினைவு. அந்தப் பிள்ளையின் கணக்கில், பழகிய பிறகு காணாமல் போன ஆட்களின் வரிசையில் இன்னொருவர். அத்தா போனார், அண்டை வீட்டார் போனார்கள், வகுப்புத் தோழன் ஊர் திரும்பிவிட்டான், இப்போது இந்த அம்மோவும். வருடம்தோறும் புதுப்புது அம்மோக்கள் வந்து அன்பு காட்டிவிட்டுப் போனால், அன்பு என்பதே போய்விடுகிற ஒன்று என்று அந்தப் பிள்ளை பாடம் படித்துக்கொள்ளும்.

நம் நபி (ஸல்) அவர்களும் எத்தீமாகப் பிறந்தவர்கள் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பிறக்கும் முன்பே தகப்பனார் அப்துல்லாஹ் மறைந்தார்கள். ஆறு வயதில் அப்வா என்ற இடத்தில் தாயார் ஆமினா மறைந்தார்கள். எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிப் மறைந்தார்கள். இந்த இழப்புகள் அத்தனையிலும் கூடவே இருந்த ஒருவர் உண்டு. பரக்கா என்ற உம்மு அய்மன் (ரலி). அப்வாவில் தாயை அடக்கம் செய்துவிட்டு, அந்தச் சிறு பிள்ளையை மக்காவுக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள்தான். செல்வமோ குலப்பெருமையோ இல்லாத ஹபஷிப் பெண். ஆனால் விட்டுப் போகவில்லை. பெருமானார் பெரியவரான பிறகும் தாயின் ஸ்தானத்தில் வைத்து அவர்களைப் போய்ப் பார்த்து வந்தார்கள். பெருமானாரின் மறைவுக்குப் பிறகு அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அதே வழக்கப்படி அவர்களைச் சென்று பார்த்தார்கள்.

எத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்கள் போல் நெருங்கியிருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அடிக்கடி கேட்கிறோம். பொறுப்பேற்பது என்றால் உம்மு அய்மன் செய்தது. ரெய்ஹான்லியில் அதைச் செய்கிறவர்கள் அந்தத் தாய்மார்களும், வருடம் முழுக்க இருக்கும் ஆசிரியர்களும். நாம் பத்து நாள் அவர்களுக்கு உதவியாள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் நம் பயணத்தில் பரக்கத் உண்டு.

இதை வைத்துத்தான் அறக்கட்டளை சில நிபந்தனைகளை முடிவு செய்திருக்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும் கவனமாகக் கேளுங்கள்.

ஒன்று: எந்தப் பிள்ளையோடும் தனியாக அறையிலோ வாகனத்திலோ இருக்கக் கூடாது. எப்போதும் இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும். இது யாரையும் சந்தேகித்து வைத்த விதி கிடையாது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எல்லாருக்கும் ஒன்றாக வைத்தது.

இரண்டு: பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. ஸ்டேட்டஸில் போடுவது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது எதுவும் வேண்டாம். நம் மகன் சோற்றுக்குக் கை நீட்டி நிற்கும் படத்தை முன்பின் தெரியாத ஊரில் நாலு பேர் பார்ப்பதை நாம் சம்மதிப்போமா? எத்தீமைக் கடிந்துகொள்ளாதே என்ற இறைக்கட்டளையில் அவன் மானத்தைக் காப்பதும் சேரும்.

மூன்று: "பாபா என்று கூப்பிடு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது. பிள்ளைகளை அவர்களின் தகப்பன் பெயராலேயே அழைக்கும்படி சூரத்துல் அஹ்ஸாப் நமக்குக் கற்றுத் தருகிறது. அந்தப் பிள்ளைக்கு ஓர் அத்தா இருந்தார். அவர் இடம் அவருக்கே உரியது. நாம் அம்மோவாக இருந்தால் போதும்.

நான்கு: கடைசி நாளில் பிள்ளைகள் "மறுபடி வருவீங்களா?" என்று கேட்பார்கள். அழுகையை நிறுத்துவதற்காக "இன்ஷா அல்லாஹ்" சொல்லிவிட்டு வரக் கூடாது. அது வருவதற்கு உறுதியான எண்ணம் வைத்து, அதை அல்லாஹ்வின் நாட்டத்தில் ஒப்படைக்கிறவர் சொல்லும் வார்த்தை. சாக்குப்போக்குக்குப் பயன்படுத்தினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். வர முடியாதென்றால், "எனக்குத் தெரியாது, துஆ செய்கிறேன்" என்று சொல்லலாம். முடிந்தவர்கள் அடுத்த வருடமும் அதே முகாமுக்கே போக வேண்டும். புது முகம் பத்தை விட, தெரிந்த முகம் இரண்டு திரும்பி வருவது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது.

ஐந்து: எந்த அமைப்பு கூப்பிட்டாலும் போய்விடக் கூடாது. உலகில் பல இடங்களில், தாய் தகப்பன் உள்ள பிள்ளைகளையே கொண்டுவந்து விடுதியில் வைத்து, வெளிநாட்டுத் தொண்டர்களிடமும் நன்கொடையாளர்களிடமும் பணம் பார்க்கிற வேலை நடந்திருக்கிறது. 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தக் கொடுமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் பிள்ளைகளின் உரிமை பற்றிய தீர்மானத்தில், விடுதிகளில் தொண்டு என்ற பெயரில் நடக்கும் இந்தத் தீங்கைக் குறிப்பிட்டது. ஆகவே நாம் கேட்க வேண்டியவை: பிள்ளைகள் முகாம் முடிந்ததும் தாயிடம் திரும்புகிறார்களா? அந்நாட்டு அரசின் அனுமதி இருக்கிறதா? தொண்டர்களின் பின்னணியை விசாரிக்கிறார்களா? நம் விசாவில் தொண்டு செய்ய அனுமதி உண்டா? எதையும் விசாரிக்காமல் "வாங்க, வாங்க" என்று கூப்பிடும் இடத்துக்கு நம் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்.

ஆறு: பணம். பயணச் செலவை அவரவர் சொந்தக் காசிலிருந்து போட வேண்டும். ஜகாத் நிதியிலிருந்தோ அறக்கட்டளையின் கணக்கிலிருந்தோ ஒரு ரூபாயும் எடுக்க மாட்டோம். ஜகாத் யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்கே சேர வேண்டும். மேலும், இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. இதையும் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஏழாவதுதான் கடைசி. அடுத்த கோடைக்குப் பெயர் கொடுக்கிற ஒவ்வொருவரும், இன்றிலிருந்து அதுவரை நம் மஹல்லாவில் ஓர் எத்தீம் பிள்ளையின் வீட்டுக்கு உதவியாக இருக்க வேண்டும். வாரம் ஒரு நாள், அந்தத் தாயின் சம்மதத்தோடு, வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நேரத்தில் போக வேண்டும். பெண்கள் இருக்கும் வீட்டுக்கு நம் வீட்டுப் பெண்களே போவார்கள். கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், ரேஷன் கடைக்குப் போய் வரலாம், உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தரலாம். மழை, பரீட்சை, கல்யாணம் என்று சொல்லி விட்டுவிடாமல் அத்தனை வாரமும் போனவர் யாரோ, அவரை நம்பி ரெய்ஹான்லிக்கு அனுப்புவோம். அவருக்குப் பிள்ளைகளிடம் எப்படிப் பழகுவது என்று நாங்கள் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்காது.

முகாமின் கடைசி நாள் மாலை, தாய்மார்கள் வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். பிள்ளைகள் எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் அம்மாக்களிடம் பத்து நாள் கதையையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். எங்களில் சின்னவர் ஒருவருக்கு அது வருத்தமாக இருந்தது. அங்கிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் சொன்னார்: "இப்படிப் போனால்தான் முகாம் நல்லபடியாக நடந்தது என்று அர்த்தம்."

பெயர்ப் பட்டியல் அலுவலக மேசையில் இருக்கிறது. இன்றே எழுத வேண்டியதில்லை. வீட்டில் கலந்து பேசி, நிய்யத்தைச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள். பெயர் எழுதும்போதே எந்த வீட்டுக்குப் போகப்போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்வோம்.

யா அல்லாஹ்! உலகெங்கும் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு நீயே பொறுப்பாளனாக இரு. அவர்களை வளர்க்கும் தாய்மார்களுக்கு உடல் பலத்தையும், ஹலாலான வருமானத்தையும், மன நிம்மதியையும் கொடு. எங்கள் கைகளை அவர்களுக்கு உதவியாக்கு; எங்களால் அவர்கள் மனம் நோகாமல் காப்பாற்று. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.