கந்தை களையாத கைகள்: கீஸ் பெண்ட் மகளிரின் பட்டைப் போர்வைகள்



பொருநராற்றுப்படையில் ஒரு கந்தை வருகிறது. ஈரும் பேனும் குடியேறியது; வியர்வையில் நனைந்தது; வேறு வேறு நூல்கள் நுழைத்துத் தைக்கப்பட்டது. கரிகாலன் அதனைப் பொருநனின் உடலிலிருந்து நீக்கி, இழை சென்ற வழியைக் கண்ணால் தொடர இயலாத அளவு நுண்ணிய, பாம்பின் உரி போன்ற ஆடையை நல்குகிறான். முடத்தாமக்கண்ணியார் இவ்விரு துணிகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார். ஒன்றில் தையல் துருத்திக்கொண்டு தெரிகிறது; மற்றொன்றில் இழையே தெரியவில்லை. வறுமைக்கும் வளமைக்கும் உள்ள தொலைவை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை எனலாம். ஆயினும் களையப்பட்ட கந்தை என்னவாயிற்று என்று பாட்டு கூறவில்லை. அதனை இரவில் விளக்கருகே அமர்ந்து தைத்த கை யாருடையது என்றும் கூறவில்லை. கொடையைப் பாட வந்த நூலிடம் அதனை எதிர்பார்ப்பது முறையுமன்று.

அக்கை யாருடையது என்னும் வினாவை ஒரு வாழ்க்கை முறையாகவே நமக்கு விளக்கும் ஊர் ஒன்று அமெரிக்காவில் உண்டு. அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில், அலபாமா ஆறு குதிரை லாடம் போல் வளைந்து மூன்று புறமும் சூழ்ந்திருக்கும் நிலப்பகுதி அது. 1816ஆம் ஆண்டையொட்டி அங்குப் பருத்திப் பண்ணை அமைத்த ஜோசப் கீ என்பவரின் பெயரால் கீஸ் பெண்ட், அதாவது கீயின் வளைவு, என்று வழங்கலாயிற்று. 1845இல் அப்பண்ணை மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. மறு ஆண்டு அவர் ஏறத்தாழ நூறு அடிமைகளை வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே அங்கு நடத்தி வந்தார். அவர்களின் வழித்தோன்றல்களே இன்றும் அவ்வூரில் பெரும்பான்மையினர். பெட்வே என்னும் முதலாளியின் குடும்பப்பெயரையே அவர்களுள் பலர் தாங்கி நிற்கின்றனர். அடிமைமுறை ஒழிந்த பின்னரும் குத்தகை உழவும் கடனும் ஒழியவில்லை. 1932இல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்தபின் அவர் குடும்பத்தார் ஆள்களை அனுப்பி, கடனுக்கு ஈடாக ஏர், மாடு, கோழி, சேமித்த தவசம் என அனைத்தையும் வாரிச் சென்றனர். அவ்வாண்டின் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியால்தான் ஊர் கடந்தது. பின்னர் 1937 முதல் நடுவண் அரசு நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டி, குடியானவர்களுக்கே எளிய தவணையில் விற்றது.

பலகைச் சுவர்களின் இடுக்கில் காற்று புகாமலிருக்க நாளிதழ்த் தாள்களைக் கூழால் ஒட்டி வாழ்ந்த வீடுகள் அவை. அத்தகைய வீட்டில் போர்வை என்பது அழகுப் பொருளன்று. ஒரே கட்டிலில் நெருங்கிப் படுக்கும் குழந்தைகளுக்குக் கீழே இரண்டு, மேலே மூன்று என அடுக்கப்படும் வெப்பம் அது. ஆங்கிலத்தில் குவில்ட் என்று பெயர். மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, அடியில் மற்றொரு துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவிச் செல்லும் ஓட்டுத்தையல். துணிக்கடையில் வாங்கிய புதுத்துணி அதில் அரிது. உழைப்பாடை கிழிந்து உடுத்த இயலாத நிலையை அடைந்தால் அது போர்வைக்கு உரியதாகும். மாவுப் பை, உரப் பை, சர்க்கரைப் பை ஆகியன அடித்துணியாகும். பருத்தி அரைவை ஆலையின் தரையில் சிதறிக் கிடக்கும் பஞ்சைக் கூட்டி வந்து, கோலால் அடித்து மென்மையாக்கி நடுவே பரப்புவர்.

இவ்வகைப் போர்வைகளுள் மிக எளியதும், எளிமையாலேயே மிகக் கடியதும் பட்டைப் போர்வை. கிடைத்த துண்டுகளை நீண்ட பட்டைகளாக்கி, பட்டையோடு பட்டையை நீளவாக்கில் சேர்ப்பதே அதன் முழு இலக்கணம். பட்டையின் நீளம் போதாவிட்டால் வேறொரு துண்டை முனையில் ஒட்டி நீட்டலாம். வளைவு வெட்டு இல்லை, பூ இல்லை, மூலைக் கணக்கு இல்லை. கீஸ் பெண்ட் மகளிர் பலர் கத்தரிக்கோலைத் தேடாமல் துணியைக் கையாலேயே கிழித்துப் பட்டையாக்கினர். துணி தன் இழையின் போக்கில் கிழியும்; பட்டை ஓரளவு நேராக வரும். பலமுறை துவைத்து நைந்த துணியாயின் அந்நேர்மையும் நிலைக்காது.

இதில் தொழில் நுணுக்கம் இல்லையெனக் கருதுவோர் ஒருமுறை தைத்துப் பார்த்தல் வேண்டும். எல்லாப் பட்டைகளையும் ஒரே முனையிலிருந்து தைத்துக்கொண்டே சென்றால் துணி வில்லாக வளைந்துவிடும். ஆகவே ஒரு தையலை மேல்முனையில் தொடங்கினால் அடுத்ததைக் கீழ்முனையில் தொடங்குவது தையலறிந்தோர் வழக்கம். தடித்த டெனிம் துணியை மெல்லிய பருத்தித் துணியோடு சேர்த்தால், சில துவைப்புகளில் தடித்தது மெலிந்ததைக் கிழித்துவிடும். எனவே எடை ஒத்த துணிகளையே இணைப்பர். கால் அங்குலத் தையல் ஓரம் அடர்ந்த நிறத்துணியின் பக்கம் மடிந்திருத்தல் நன்று. இல்லையேல் வெளிர்துணியின் அடியில் அது நிழலாகத் தெரியும். யாப்பறிந்த இவ்வவைக்கு இவை புதிய செய்திகளாகத் தோன்றா. சீர்கள் தம்மளவில் செய்யுள் ஆவதில்லை; நின்ற சீரின் ஈறும் வரும் சீரின் முதலும் கூடுமிடத்தில் தளை பிறக்கிறது. பட்டைப் போர்வையிலும் அழகு துணியில் இல்லை. இரண்டு துணிகள் சந்திக்கும் கோட்டில் இருக்கிறது. தளை என்னும் சொல்லுக்குத் தமிழில் விலங்கு என்றும் பொருள் உண்டு என்பது, நடத்திக் கொண்டுவரப்பட்ட அந்த நூறு பேரின் கொள்ளுப்பேத்திகளைப் பற்றிப் பேசும்போது நினைவுக்கு வராமல் போகாது.

அவ்வூர்ப் பெண்கள் இவ்வடிவத்திற்கு வைத்த பெயர்களுள் ஒன்று ‘சோம்பேறிப் பெண்’ என்பதாகும். நேர்க்கோட்டில் தைத்து முடித்துவிடலாம் என்னும் எள்ளல் அதில் உள்ளது. நடுவிலொரு சதுரம் வைத்து அதனைச் சுற்றிச் சுற்றிப் பட்டை அடுக்குவது ‘வீட்டுக்கூரை’. மரபு வடிவம் எதனையும் பின்பற்றாமல் தன் விருப்பில் அமைப்பது ‘என் வழி’. மரபுக்கும் புதுமைக்கும் பல ஆண்டுகளாக வழக்காடிக்கொண்டிருக்கும் கவியரங்குகள் இம்மூன்று பெயர்களையும் சற்று நின்று நோக்கலாம். ‘என் வழி’யில் தைத்தவர்களும் ‘வீட்டுக்கூரை’யில் தைத்தவர்களும் ஒரே குடும்பத்தார், பல வேளைகளில் ஒரே பெண்.

உழைப்பாடையை வைத்துத் தைத்த போர்வைகளில் காணப்படும் ஒரு கூறு தனித்துக் கூறத்தக்கது. வயலில் வெயிலும் சோப்பும் பட்டு நீலம் வெளுத்துப்போன காற்சட்டையிலிருந்து பையைப் பிரித்தெடுத்தால், அது மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைய கருநீலமாகவே நிற்கும். முழங்கால் நைந்த இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தால் அந்த ஒட்டின் நிழலும் அவ்வாறே நிற்கும். கீஸ் பெண்ட் மகளிர் இவற்றை மறைக்கவில்லை. வெளிர்நீலப் பட்டையின் நடுவே ஒரு கருநீலக் கட்டம் எழுகிறது. அதனை வரைந்தது தூரிகையன்று. பத்து ஆண்டு வெயில். உவமை தேடி அலையும் கவிஞர்க்கு இது ஒரு பாடம் என்று சொல்லத் தோன்றும். பாடம் என்பதைவிட எச்சரிக்கை என்பதே பொருந்தும்: பொருள் தன் வரலாற்றைத் தானே கூறும்போது கவிஞன் குறுக்கே நிற்றல் கூடாது.

மிசௌரி பெட்வே என்பார் 1942இல் தைத்த போர்வை இதற்குச் சான்று. கணவர் இறந்தபின் அவருடைய உழைப்பாடைகளையே எடுத்துப் பட்டைகளாக்கித் தைத்தது அது. அவர் நினைவாக வைத்துக்கொள்வதற்கும், அன்பின் பொருட்டு அதனடியில் படுத்துக்கொள்வதற்குமே தாய் அவ்வாறு செய்தார் என்று, துணிகளைக் கிழிப்பதற்கு உடன் உதவிய மகள் ஆர்லோன்சியா பெட்வே பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார். சாம்பல் நீலம், பழுப்பு, மங்கிய வெண்மை, இடையே சிறிது சிவப்பு. கையறுநிலைப் பாடல்களில் முல்லையை நோக்கியும் யாழை நோக்கியும் புலம்புவர். இங்கே புலம்பல் இல்லை. இறந்தவனின் கால்சட்டை ஆறேழு அடித் துணியாகப் பரந்து கிடக்கிறது, அவ்வளவே.

இதனையெல்லாம் கேட்டு, வறுமை அப்பெண்களைக் கலைஞராக்கியது என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அது பிழை. லொரெட்டா பெட்வே என்பார் இவ்வூரின் மிகச் சிறந்த போர்வைகள் சிலவற்றைத் தைத்தவர். தமக்குத் தையலில் விருப்பமே இருந்ததில்லை என்றும், பிள்ளைகள் குளிரில் நடுங்கியதாலேயே தைத்ததாகவும் அவர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். விருப்பமின்றிச் செய்த வேலை எவ்வாறு இத்தனை செம்மை பெற்றது என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று. வறுமை துணியின் நிறத்தைத் தீர்மானித்தது உண்மை. அடுத்த பட்டை எது என்பதை அது தீர்மானிக்கவில்லை. தரையில் பரப்பிய துண்டுகளைப் பார்த்து, ஒன்றை எடுத்து, ஒன்றைத் தள்ளி, மீண்டும் எடுத்த ஒரு மனம் அதனைத் தீர்மானித்தது. மேல்துணியைத் தைப்பது பெரும்பாலும் தனியே செய்யும் வேலை. பஞ்சும் அடித்துணியும் சேர்த்து ஓட்டுத்தையல் போடும்போதுதான் அண்டைப் பெண்கள் சட்டத்தைச் சுற்றி அமர்ந்து, பாடிக்கொண்டு, கூடித் தைத்தனர்.

1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். வாக்குரிமைக்குப் பதியச் சென்றவர்களுள் பலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர். அதற்கு முன்பே, 1962இல், ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகர் கேம்டனுக்குச் செல்லும் படகுப்போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது. எதிர்க்கரையில் தெரியும் ஊருக்குச் சாலை வழியே சுற்றிக்கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. இந்நிலையில் 1966இல் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்னும் மகளிர் கூட்டுறவு பிறந்தது. போர்வை முதன்முறையாகக் காசாகியது. ஆனால் பெருநகரக் கடைகள் ஒரே அளவில், ஒரே தோற்றத்தில் பொருளைக் கேட்டன. ‘என் வழி’க்கு அங்கு இடமில்லை. 1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரும் பணியை அளித்தது. பொன்மஞ்சள், பச்சை என மூட்டை மூட்டையாகத் துணி வந்தது. உறைகள் கணக்குப்படி கடைக்குச் சென்றன. வெட்டி எஞ்சிய நீண்ட பட்டைகளோ பெண்களோடு வீட்டிற்குச் சென்றன. அந்த எச்சத்திலிருந்து எழுந்த போர்வைகளே இன்று பேசப்படுகின்றன. கணக்குப்படி தைத்த உறைகளை யார் நினைக்கிறார்?

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இப்போர்வைகள் சுவரில் தொங்கின. மத்தீஸ், பால் கிளே முதலிய நவீன ஓவியரோடு ஒப்பிட்டுத் திறனாய்வாளர் வியந்தனர். அவ்வியப்பு நேர்மையானதே. ஆயினும் அவ்வொப்பீடு ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்துப் பார்ப்பதாகும். ஓவியத்தின் பின்புறம் வெறுஞ்சீலை. போர்வையின் பின்புறம் மாவுப் பை. நடுவே ஆலைத் தரையின் பஞ்சு. அவை சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டன. புகழ் வந்தபின் பணம் பற்றிய வினாவும் வந்தது. வடிவங்களைப் பயன்படுத்தும் உரிமையும் அதன் ஊதியமும் குறித்து மூன்று பெண்கள் 2007இல் வழக்குத் தொடுத்தனர்; இருதரப்பு வழக்கறிஞரும் விளக்கம் எதுவும் கூறாமலே அவ்வழக்குகள் 2008இல் முடிவுற்றன.

நூல் என்பதற்குப் பெயர்க்காரணம் கூறும் நன்னூல், பஞ்சைச் சொல்லாகவும், இழையைப் பனுவலாகவும், நூற்கும் பெண்ணைப் புலவனாகவும் உருவகம் செய்கிறது. தமிழில் தையல் என்றால் தைத்தலும் ஆகும், பெண்ணும் ஆகும். இத்தனை நெருக்கமாகச் சொல்லை அமைத்த மொழி, உவமைக்கு வந்த பெண்ணின் பெயரைக் கேட்டதில்லை. கீஸ் பெண்டில் நிகழ்ந்தவற்றுள் வியக்கத்தக்கது அருங்காட்சியகச் சுவரன்று. சுவரில் போர்வைக்கு அருகே, மிசௌரி பெட்வே என்றும் லொரெட்டா பெட்வே என்றும் ஆனி மே யங் என்றும் எழுதியிருந்த சிறிய அட்டை. ஆனி மே யங் 1976இல் தைத்த ஒரு போர்வையில், வெளுத்த டெனிம் நான்கு புறமும் சூழ்ந்திருக்க, நடுவே சிவப்பும் மஞ்சளும் பழுப்புமான கார்டுராய்ப் பட்டைகள் எரிவது போல் நிற்கின்றன. அவர் போர்வை ஒன்று விறகுக் குவியலின்மேல் கிடந்த ஒளிப்படத்தைப் பார்த்தே சேகரிப்பாளர் ஒருவர் அவ்வூரைத் தேடிச் சென்றார்.

2006 ஆகஸ்டில் அமெரிக்க அஞ்சல்துறை பத்துக் கீஸ் பெண்ட் போர்வைகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது. மறு மாதம், நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், கேம்டனுக்குச் செல்லும் படகு மீண்டும் ஆற்றைக் கடந்தது.