புல்தரைக்குப் போன பணம்

நியூ ஜெர்சியில் தமிழ்ப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை

வீடு வாங்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறோம். அதற்கும் முன்னால், பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்க்கிறோம். எட்டுக்குக் கீழே இருந்தால் காரை விட்டே இறங்குவதில்லை! சரி, வீடு வாங்கிக் குடிவந்த பிறகு அந்த ஊர் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

இந்த மாநிலத்தில் சராசரி வீட்டு வரி ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டி வருகிறது. அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்குப் போகிறது. மளிகைக் கடையில் 2 டாலர் கூடப் போட்டுவிட்டால் ரசீதை நீட்டிச் சண்டை போடும் நாம் இதற்குக் கணக்குக் கேட்டதில்லை. சொந்தக் காசையே கேட்காதவர்கள், வாஷிங்டனிலிருந்து வரும் மானியத்தையா கேட்கப் போகிறோம்? கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கொரோனாக் காலத்தில் மத்திய அரசு பள்ளிகளுக்கு மூன்று தவணையாகக் கொடுத்தது. 2020 மார்ச்சில் 1,320 கோடி டாலர், அதே ஆண்டு டிசம்பரில் 5,430 கோடி, 2021 மார்ச்சில் 12,200 கோடி. கூட்டினால் கிட்டத்தட்ட 19,000 கோடி டாலர். பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க, மனம் உடைந்த பிள்ளைக்கு ஆலோசகர் வைக்க, வகுப்பறைக் காற்றோட்டத்தைச் சீராக்க என்று சொல்லிக் கொடுத்த பணம். கடைசித் தவணையில் ஐந்தில் ஒரு பங்கையாவது படிப்பிழப்பை ஈடுகட்டச் செலவிட வேண்டும் என்று சட்டம் சொன்னது. மீதி நான்கு பங்கு? ஏறக்குறைய அவரவர் விருப்பம்.

விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்றொரு சிறிய பள்ளி மாவட்டம். அங்கே 20 லட்சம் டாலர் வந்தது. அதில் பெரும்பகுதியை, எப்படியும் செய்தாக வேண்டிய வழக்கமான செலவுக்குத் திருப்பினார்கள். அதனால் மிச்சமான உள்ளூர்ப் பணத்தில் ஃபுட்பால், பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட செயற்கைப் புல்தரை போடத் தீர்மானித்தார்கள். சட்டப்படி தவறா? இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்! திருடியிருந்தால் போலீஸ் பார்த்துக்கொள்ளும். இங்கே கணக்கில் தெரிவது பள்ளிச் செலவு, மைதானத்தில் முளைத்தது புல். பழைய மைதானம் பழுதாகிவிட்டது, பிள்ளைகள் விளையாட வேண்டாமா என்று அவர்கள் வாதாடினார்கள். விளையாடட்டும். அதற்குக் கொரோனா நிதியா?

இந்தத் தந்திரம் புதிதும் இல்லை. 1965 ஏப்ரல் 11 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், டெக்சாஸில் தாம் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளியின் முன்னால், தம் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு நிதி தரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இன்றும் 'டைட்டில் ஒன்' என்று நடக்கிறதே, அதுதான். நான்கே வருடத்தில், 1969-ல், ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர் என்ற இரண்டு பெண்கள் அந்தப் பணம் போன வழியைத் தேடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏழைக்கு வந்த பணத்தில் நீச்சல் குளம் வாங்கிய ஊர் இருந்தது. எல்லோருக்குமான பொதுச் செலவில் கரைத்துவிட்ட ஊர்கள் இருந்தன. அவர்கள் ரகசியம் எதையும் துப்பறியவில்லை. அரசாங்கத்தின் சொந்தத் தணிக்கை அறிக்கைகளை எடுத்துப் படித்தார்கள். அதுவரை அவற்றைக் கேட்பார் இல்லை!

அந்த அறிக்கை கிளப்பிய சூட்டில் 1970-ல் சட்டம் திருந்தியது. மானியம் இருப்பதற்கு மேல் சேர வேண்டும், இருப்பதை உருவிக்கொண்டு அந்த இடத்தில் இதை வைக்கக் கூடாது என்று விதி வந்தது. அரை நூற்றாண்டு கழித்து வந்த கொரோனா நிதிக்கு அந்த விதியைப் போடவில்லை. நெருக்கடியில் கெடுபிடி கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்குச் செலவழித்தாய் என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி எழுதி வாங்குவதற்கு என்ன தடை?

வாங்காததன் விளைவைக் கேளுங்கள். 2024-ல் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரு மாணவருக்கு 1,000 டாலர் கூடுதலாகப் போன இடத்தில், கணிதத்தில் ஓராண்டுப் படிப்பின் சுமார் 3 விழுக்காடு கூடியிருந்தது. பணமெல்லாம் பாழ் என்று தொலைக்காட்சியில் கத்துகிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும், பலன் இருந்தது! ஆனால் எதனால்? தனிப்பயிற்சியாலா, கோடைக்கால வகுப்பாலா, கூடுதல் ஆசிரியராலா? பிரித்துச் சொல்லப் போதிய விவரம் இல்லை. இத்தனை கோடி கொட்டியும், அடுத்த முறை எதில் போடலாம் என்ற பாடம் முழுதாகக் கைக்கு வரவில்லை.

1867-ல் இந்த நாடு முதன்முதலாகக் கல்வித் துறை என்று ஒன்றை வைத்ததே புள்ளிவிவரம் திரட்டத்தான். 2025-ல் அந்த வேலையின் கழுத்தில்தான் கை வைத்தார்கள். பிப்ரவரியில் ஆய்வு ஒப்பந்தங்கள் கொத்துக் கொத்தாக ரத்து. மார்ச்சில் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தில் சுமார் நூறு பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள் என்று செய்தி. ஏப்ரலில், யுவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பள்ளி மனநல ஆலோசகர்களுக்காக ஒதுக்கியதில் சுமார் 100 கோடி டாலரை நிறுத்துவதாக அறிவித்தார்கள். பிள்ளைகளுக்குப் பயன்பட்டதா என்று ஊர் ஊராய்ப் பார்த்தா நிறுத்தினார்கள்? புதிய அரசின் முன்னுரிமைக்குப் பொருந்தவில்லையாம்! வாரி இறைத்தபோதும் பார்க்கவில்லை, பிடுங்கியபோதும் பார்க்கவில்லை.

"தணிக்கைதான் வருஷா வருஷம் நடக்கிறதே" என்பார்கள். நடக்கிறது. மத்தியப் பணம் ஒரு வரம்புக்கு மேல் செலவிடும் மாவட்டம் தணிக்கைக்கு உட்பட வேண்டும், அறிக்கை யாரும் படிக்கலாம். படியுங்கள். ஆனால் தணிக்கையாளர் பார்ப்பது விதிப்படி செலவானதா என்று. பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்ததா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அந்தக் கேள்வி நம்முடையது.

கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்று வெளியிட வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். டைட்டில் ஒன் பணம் 5 லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் மாவட்டம் அதில் ஒரு விழுக்காட்டையாவது பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும், அதை எப்படிச் செலவிடுவது என்பதில் பெற்றோருக்குப் பேச்சுரிமை உண்டு. நம்மில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

வசந்த காலத்தில் பட்ஜெட்டின் மீது பொது விசாரணை நடக்கும். போங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தாளில் எழுதி வைத்துப் படியுங்கள். போன வருடம் வைத்த ஆலோசகருக்கு எந்தப் பணத்தில் சம்பளம்? அவரை எத்தனை பிள்ளைகள் பார்த்தார்கள்? மானியம் நின்றால் அவர் இருப்பாரா, போவாரா? "அந்த விவரம் இப்போது கையில் இல்லை" என்று மரியாதையாகச் சொல்வார்கள். வாதாடாதீர்கள். இந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி விண்ணப்பம் போடுங்கள். ஏழு வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். வந்த தாளை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், தனியாகப் போகாமல் பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு.