ஏட்டில் ஏறிய பிழை



பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரக நோயுடன் வாழ்ந்து வருகிறேன். எனக்குப் பெனிசிலின் ஒவ்வாது. ஒருமுறை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகையில் தந்த அறிக்கையில் ‘மருந்து ஒவ்வாமை இல்லை’ என்று எழுதியிருந்தனர். படிக்காமலே கோப்பில் வைத்தேன். அடுத்த மருத்துவர் அதனைப் பார்த்தே எழுதினார். அவருக்கு அடுத்தவரும் அவ்வாறே. பின்னொரு நாள் காய்ச்சலுற்றுக் கிடந்த என்னருகே செவிலியர் ஊசியுடன் வந்தார். என் மனைவி மருந்தின் பெயரைக் கேட்டதால் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

திருத்தக் கோரியபோது, ‘ஏட்டில் இப்படித்தானே உள்ளது’ என்றனர். நோயாளியின் வாய்ச்சொல்லைவிட ஏட்டின் எழுத்து வலிது என்று உணர்ந்தேன், எழுத்தாலேயே விண்ணப்பித்தேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவுகளைத் தருதல் வேண்டும். படியைப் பெற்று, பிழையைச் சுட்டி, ஒவ்வாமையை முதலில் கண்ட மருத்துவரின் சீட்டையும் இணைத்தேன். பழைய வரியை அழிக்காமல், கீழே திருத்தம் எழுதி, நாளிட்டுக் கையொப்பமிட்டனர். அதுவே முறை.

அன்பர்களே, வீடு திரும்பும் நாளில் அறிக்கையை அங்கேயே படியுங்கள். நோயின் பெயர், மருந்தின் அளவு, ஒவ்வாமை ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். களத்து நெல்லில் ஒரு மரக்கால் குறைந்தாலும் கணக்கை மீண்டும் பார்க்கும் நாம், உயிர்க்கணக்கைப் பாராது மடித்து வைக்கலாமா?